மாப்பிள்ளையின் தட்டை யாரும் பார்க்க வேண்டாம்

கேள்வி: என் மகள் ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் நகரில் வேலை பார்க்கிறாள். அங்கே உடன் வேலை பார்ப்பவரைப் போன வருடம் திருமணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளைக்கு 33 வயது. தங்கமான குணம். சாப்பாட்டில் மட்டும் பிரெட், சீஸ், அவித்த உருளைக்கிழங்கு, சாஸ் ஊற்றாத பாஸ்தா, எலும்பில்லாத கோழி வறுவல், ஆப்பிள், இவ்வளவுதான். வெங்காயம் கண்ணில் பட்டால் தட்டைத் தள்ளிவிடுவாராம். இந்தியச் சாப்பாட்டை இதுவரை வாயில் வைத்ததே இல்லை. தலை தீபாவளிக்கு வந்து 18 நாள் எங்களோடு இருக்கப் போகிறார்கள். ‘முயற்சி பண்ணிப் பார்க்கிறேன்’ என்று அவரே சொன்னாராம். காரத்தை எவ்வளவு குறைக்க வேண்டும்? கேரட், பீன்ஸை அரைத்து மாவில் தெரியாமல் கலந்துவிடலாமா? என் கணவர் ‘பசி வந்தால் பத்தும் பறந்துபோகும், தானாகச் சாப்பிடுவார்’ என்கிறார். ஏழு வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவருக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிடட்டுமா?

– பெயர் வேண்டாம், வில்லிவாக்கம், சென்னை

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் ‘காரம்’ என்ற சொல்லை ஒன்பது இடத்தில் எண்ணினேன். மாப்பிள்ளை என்னென்ன சாப்பிடுவார் என்பதை ஒரே ஒரு இடத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பிரெட், சீஸ், உருளைக்கிழங்கு, வெறும் பாஸ்தா, எலும்பில்லாத கோழி. இவற்றில் எதை எடுத்தாலும் முதல் வாய் எப்படியோ கடைசி வாயும் அப்படியே. நடுவில் திடீரென்று பல்லில் ஒன்றும் கடிபடாது. இப்போது நம் வெண்பொங்கலை ஒரு கரண்டி எடுத்துப் பாருங்கள். குழைந்த அரிசி, அதற்குள் முழு மிளகு, ஒரு துண்டு இஞ்சி, முந்திரி, எவ்வளவு மென்றாலும் மசியாத கறிவேப்பிலை. மிளகாய் என்று பார்த்தால் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அவருக்கு அது கஷ்டம். சோற்றில் ஒரு கல் கடிபட்டுவிட்டால் அதற்கு அடுத்த வாயை நாம் எப்படிப் பயந்து பயந்து மெல்லுவோம்? அவர் ஒவ்வொரு வாயையும் அப்படித்தான் மெல்லுவார்.

நமக்கு இது தோன்றாது. பல் முளைத்த நாளிலிருந்து நாக்கு பழகிவிட்டது. கறிவேப்பிலையை உதட்டோரம் ஒதுக்குவது, முருங்கைக்காயைச் சப்பிவிட்டுச் சக்கையை ஓரமாக வைப்பது, மீன் முள்ளை நாக்கு நுனியிலேயே பிரிப்பது, இதையெல்லாம் யாரிடம் கற்றோம் என்ற ஞாபகம்கூட இல்லை. அவர் 33 வயதில் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே முதல் 10 நாள் காரத்தைவிட நீங்கள் கை வைக்க வேண்டியது தாளிப்பில்தான். கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, பொடியாக நறுக்கிய வெங்காயம், மேலே தூவும் கொத்தமல்லித் தழை, எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். கொத்தமல்லித் தழையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே அது சோப்பைத் தின்பது போல இருக்கும். வாசனையை உணர உதவும் ஒரு மரபணுவில் உள்ள வேறுபாடு. பிகு பண்ணுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, காரம். அது இரண்டாவது பிரச்சினை, ஆனால் சுலபமான பிரச்சினை. அறுசுவையில் உறைப்பை நாம் சேர்த்திருந்தாலும், உடலைப் பொறுத்தவரை அது சுவையே அல்ல, சூடு. மிளகாயில் உள்ள கேப்சைசின், வெந்நீர் பட்டால் விழித்துக்கொள்ளும் அதே நரம்பு ஏற்பியைத்தான் தட்டி எழுப்புகிறது. இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021ல் நோபல் பரிசு கிடைத்தது. எரிகிறது என்று அவர் சொன்னால் உண்மையிலேயே எரிகிறது என்று அர்த்தம். ஜெர்மன் மொழியில் காரத்துக்கும் கத்தியின் கூர்மைக்கும் ஒரே சொல்தான், மகளிடம் கேட்டுப் பாருங்கள். அப்படி எரிந்தால் தண்ணீர் கொடுக்காதீர்கள். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, வாய் முழுக்கப் பரவும். பால் கொடுங்கள், அல்லது ஒரு கரண்டி தயிர். எவ்வளவு குறைக்க என்று கேட்டீர்கள். முதல் வாரம் அவர் தட்டில் மிளகாயே வேண்டாம், மிளகுத்தூள் போதும். தனியாகச் செய்ய நேரமில்லை என்றால், மிளகாய்த்தூள் போடுவதற்கு முன் அவருக்கு ஒரு பங்கு எடுத்து வைத்துவிடுங்கள். ‘கொஞ்சூண்டுதான் போட்டேன்’ என்பது வில்லிவாக்கத்து அளவு. அதை ஷ்டுட்கார்ட்டுக்கு மாற்ற வாய்ப்பாடு கிடையாது.

உங்கள் கணவர் சொன்ன பழமொழிக்கு வருகிறேன். பசி வந்தால் பத்தும் பறக்கும், நிஜம்தான். அந்தப் பத்தில் மானம், குலம், கல்வி எல்லாம் இருக்கிறது, பயம் இல்லை. பயந்த வயிற்றில் பசி அடங்கிப்போகும். பரீட்சை அன்று காலையில் எந்தப் பிள்ளை நாலு இட்லி சாப்பிட்டது? புதுச் சாப்பாட்டைக் கண்டால் பின்வாங்கும் குணத்தை அளக்க 1992ல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் ப்ளைனரும் ஹாப்டனும் 10 வாக்கியம் கொண்ட ஒரு அளவுகோலே செய்தார்கள். உலகம் முழுக்க இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அவ்வளவு பரவலான குணம். என் பெரியப்பா மகனுக்கு 52 வயது. மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன், தயிர்ப் பாத்திரம் இருக்கும் மேசையில் இன்றும் உட்கார மாட்டான். அவன் நம் ஆள் என்பதால் ‘அவனுக்குத் தயிர் ஆகாது’ என்பதோடு விட்டுவிடுகிறோம்.

மாப்பிள்ளைக்குப் பிடித்த உருளைக்கிழங்கின் கதையையும் கணவரிடம் சொல்லுங்கள். அது தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனபோது அந்த ஊர் விவசாயிகள் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். 1756ல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக், எல்லாரும் உருளைக்கிழங்கு நட வேண்டும் என்று உத்தரவே போட வேண்டியிருந்தது. இன்றைக்கும் அவர் கல்லறையில் பூவோடு உருளைக்கிழங்கும் வைத்துவிட்டுப் போகிறார்கள். அவர் ராஜா, போட்டார். உங்கள் கணவர் போட வேண்டாம்.

இன்னொன்று. ‘இந்தியச் சாப்பாடு’ என்றால் மாப்பிள்ளை மனத்தில் என்ன படம் ஓடுகிறது என்று யோசித்தீர்களா? அவர் நாட்டில் ‘கறி’ (curry) என்றால் மஞ்சள் நிற மசாலாப் பொடி. 1949ல் பெர்லினில் ஹெர்டா ஹாய்வர் என்ற பெண்மணி, வறுத்த சாஸேஜ் மேல் தக்காளிச் சாஸை ஊற்றி அந்தப் பொடியைத் தூவி விற்றார். அது தெருவுக்குத் தெரு பரவிவிட்டது. அப்புறம் இந்திய ஓட்டல்கள்; அங்கே பெரும்பாலும் வட இந்தியக் கெட்டிக் கிரேவிகள்தான். சாஸ் ஊற்றிய பாஸ்தாவையே தொடாதவர் அந்தச் செக்கச்செவேல் கிண்ணத்தைப் பார்த்துத்தான் இத்தனை வருடம் ஒதுங்கியிருக்கிறார். நம் வீட்டில் காலையில் அப்படி ஒன்றும் கிடையாது, அரிசி மாவில் மெல்லிசாகச் சுட்ட ஒரு மொறுமொறு தோசைதான் என்று மகள் முன்கூட்டியே படம் அனுப்பிச் சொல்லட்டும். பாதிப் பயம் விமான நிலையத்துக்கு முன்பே இறங்கிவிடும்.

வந்து இறங்கும் நாளில் புதிதாக ஒன்றும் கொடுக்காதீர்கள். இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இரவு 1 மணிக்கு இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். தூக்கம் கெட்டு, நேரம் மாறி, வயிறு கலங்கியிருக்கும். அந்த நேரத்தில் சாப்பிட்ட புது உணவு எதுவோ அதன் மேல்தான் பழி விழும். 1955ல் ஜான் கார்சியா என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த தண்ணீரைக் கொடுத்து, கதிர்வீச்சால் உடம்புக்கு முடியாமல் ஆக்கினார். தண்ணீருக்கும் நோவுக்கும் சம்பந்தமே இல்லை. அப்புறம் அந்த எலிகள் அந்த இனிப்புத் தண்ணீரை ஒதுக்க ஆரம்பித்தன. மனிதர்களும் அப்படியே. முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் வாந்தி என்றால், இட்லி அந்த ஜென்மத்துக்கு முடிந்தது. ஆகவே முதல் இரண்டு நாள் பிரெட், வெண்ணெய், சீஸ், தோல் உரித்த வாழைப்பழம், கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர். வெட்டி வைத்த பழம், தெருவோர ஜூஸ், ஐஸ் மூன்றும் 18 நாளும் வேண்டாம். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலு வாங்கி வையுங்கள், தேவைப்படாமல் போகட்டும்.

அப்புறம் சமையல். 18 நாளுக்கு 54 வேளை. 54 வகை போட்டு நீங்கள் ஓயப் போகிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. நான்கே நான்கு போதும். ஒரு புது உணவு பழக்கமாவதற்குக் குழந்தைகளுக்குப் பத்துப் பதினைந்து தடவை கூடப் பிடிக்கும். பெரியவர்களுக்கும் ஒரே தடவையில் ஆகிவிடாது. தினம் ஒரு புதிது வைத்தால் தினமும் அவருக்கு முதல் நாள்தான். ஒரே நெய் ரோஸ்ட்டை எட்டாவது நாளாகவும் வையுங்கள். ‘சலிக்காதா?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. தினம் ஒரே பிரெட்டைச் சலிக்காமல் சாப்பிடுபவர் அவர்.

என் நான்கு: நெய் ரோஸ்ட், உருளைக்கிழங்கு வறுவல், பூரி, முறுக்கு. நான்கும் காய்ந்தவை, மொறுமொறுப்பானவை, உள்ளே ஒன்றும் ஒளிந்திராதவை. தோசையின் லேசான புளிப்பு அவருக்குப் புதிதல்ல. அவர் ஊர் ரை ரொட்டியும் புளிக்க வைத்த மாவில் செய்வதுதான். மாவு மட்டும் ரொம்பப் புளித்திருக்கக் கூடாது, அரைத்து மறுநாள் பதத்தில் வார்த்துக் கொடுங்கள். இட்லியை இப்போதைக்கு விடுங்கள். நமக்குத்தான் அது பச்சைக் குழந்தைக்கும் கொடுக்கும் பத்திய உணவு. பழகாதவருக்கு ஈரமாக, பஞ்சு போல, வாயில் ஒட்டும் பண்டம்.

ஒவ்வொன்றிலும் ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மூன்றாம் நாள் ரோஸ்ட்டுக்கு நடுவில் அவருக்குத் தெரிந்த சீஸைத் துருவிப் போடுங்கள். உங்கள் அம்மா பார்த்தால் திட்டுவார், பரவாயில்லை. சென்னை ஓட்டல்களில் சீஸ் தோசை வந்து எவ்வளவோ காலமாகிறது. அடுத்த முறை சீஸ் இல்லாமல் நெய்யும் சர்க்கரையும். அதற்கடுத்து, தோசையின் ஒரு ஓரத்தில் மட்டும் காரமில்லாத பருப்புப் பொடி, தொட்டுப் பார்க்க. உருளைக்கிழங்கும் அதே வழி. முதலில் அவித்து உப்பு, வெண்ணெய். அப்புறம் அதே கிழங்கைத் துண்டுகளாக்கி எண்ணெயில் முறுகலாக வறுத்து, உப்பு, மிளகுத்தூள். அப்புறம் ஒரு சிட்டிகை மஞ்சள். நிறம் மாறுகிறது என்பதால் மஞ்சள் போடும் நாளில் வேறெதையும் மாற்றாதீர்கள். பூரி மசால் என்பது இந்த வரிசையில் மூன்றாம் வாரம் வந்தால் உண்டு, வராவிட்டால் போகட்டும். அவர்கள் ஊரில் உருளைக்கிழங்கைத் துருவி அடை போலத் தட்டி, ஆப்பிள் கூழ் தொட்டுச் சாப்பிடுவார்கள். மகளிடம் பக்குவம் கேட்டு ஒரு நாள் நீங்களே தோசைக்கல்லில் சுட்டுக் கொடுங்கள். உங்கள் கல், அவர் பண்டம்.

இரவில் விட்டுவிடுங்கள். ஜெர்மனியில் பல வீடுகளில் ராத்திரி அடுப்பே மூட்டுவதில்லை. பிரெட், சீஸ், மெல்லிசாக வெட்டிய இறைச்சி, இதுதான் சாப்பாடு. அந்த வேளைக்கே மாலை ரொட்டி என்றுதான் பெயர். நமக்குச் சூடாக மூன்று வேளை போட்டால்தான் திருப்தி. அவருக்கு ஒரு வேளையாவது தன் வீட்டுச் சாப்பாடு நிச்சயம் என்று தெரிந்தால்தான் மற்ற இரண்டில் துணிந்து கை வைப்பார்.

கேரட்டை அரைத்துக் கலப்பது மட்டும் கூடாது. கண்டுபிடித்துவிட்டால், இதுவரை நம்பிச் சாப்பிட்ட தோசையும் போய்விடும். நீங்கள் நினைப்பதைவிடக் கூர்மையான நாக்கு அது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ‘அரிசி, உளுந்து, உப்பு, நெய். வேறு ஒன்றும் இல்லை.’ இந்த ஒரு வாக்கியம் போதும்.

இனி, எனக்கு முக்கியமாகப் படுவது. ரொம்ப வருடம் முன்பு என் தம்பியோடு வேலை பார்த்த ஒரு வெளிநாட்டுப் பையன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அம்மா தலைவாழை இலை போட்டாள். வரிசையாகப் பரிமாறினாள். பையன் சாதத்தின் ஓரத்தைக் கொஞ்சம் தொட்டான், அப்பளத்தை உடைத்தான். நாங்கள் ஆறு பேர் சுற்றி நின்றுகொண்டு அவன் வாயையே பார்த்தோம். சாம்பார் ஓடி வந்து உருளைக்கிழங்கைத் தொட்டது. அதோடு உருளைக்கிழங்கும் போயிற்று. அம்மா ரசத்தோடு வந்தபோது அவன் இரண்டு கையையும் இலை மேல் விரித்து மறைத்தான். ‘பாவம், கூச்சப்படுறான்’ என்று விரல் சந்தில் ஊற்றிவிட்டாள். சூடு. அவன் சிரித்தான், அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடமாக இருக்கும். ராத்திரி 11 மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து போனால், சமையலறையில் விளக்குப் போடாமல் நின்று முறுக்கு டப்பாவைத் திறந்து தின்றுகொண்டிருக்கிறான். நான் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் காலையில் அவனாகவே அம்மாவிடம் அதற்குப் பெயர் கேட்டான்.

அதனால்தான் சொல்கிறேன், மாப்பிள்ளைக்கு இலை வேண்டாம். பாத்தி பிரித்த தட்டு ஒன்று வாங்குங்கள், கரண்டி வையுங்கள். சாதம் ஒரு பக்கம், வறுவல் ஒரு பக்கம், ஒன்றை ஒன்று தொடக் கூடாது. அவரே போட்டுக்கொள்ளட்டும். போட்டுக்கொண்டதும் நீங்கள் அவர் தட்டைப் பார்க்காமல் வேறு பேச்சுப் பேசுங்கள். ‘எப்படி இருக்கு?’ கூடாது. ‘இன்னும் கொஞ்சம்’ கூடாது. சாப்பிட்டுவிட்டால் ‘பார்த்தியா, சாப்பிட்டுட்டார்!’ என்று மகளிடம் தமிழில் பூரிப்பதும் கூடாது, முகத்தைப் பார்த்தாலே அவருக்குப் புரியும். முறுக்கு, தட்டை டப்பாக்களை மூடாமல் கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டு ராத்திரி சீக்கிரம் படுத்துவிடுங்கள்.

விருந்து விஷயத்தில் வயிறு சரியில்லை என்று சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? உங்கள் நாத்தனார் மறுநாள் காலையிலேயே ஓமத் தண்ணீரோடு வாசலில் நிற்பார். ஏழு வீட்டிலிருந்தும் ஏழு கஷாயம். இருப்பதைச் சொல்லுங்கள். ‘அவருக்குச் சாப்பாட்டுப் பழக்கம் வேற, வீட்டிலேயே சாப்பிட்டுட்டு வந்துடுவோம், காபி மட்டும் போடுங்க.’ இரண்டு வீட்டுக்கு மேல் போகாதீர்கள், மற்ற ஐந்து பேரை ஒரு சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். காபியைக்கூடப் பாலில்லாமல் வெறும் டிகாக்‌ஷனாகக் கேட்பார், வெந்நீர் கலந்து கொடுத்துவிடுங்கள்.

வெளியே சாப்பிட வேண்டுமென்றால் இரண்டாம் வாரம், கூட்டமில்லாத நாலு மணிக்கு, ரோஸ்ட் மட்டும். சட்னி, சாம்பாரைத் தனிக் கிண்ணத்தில் தரும்படி சர்வரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சாம்பாரில் இட்லியை மூழ்கடிக்கும் திருவல்லிக்கேணி பாணியை இந்தப் பயணத்தில் அவருக்குக் காட்டாதீர்கள். அண்ணா சாலை புஹாரி ஓட்டலில் 1965ல் பிறந்ததாகச் சொல்லப்படும் சிக்கன் 65 அவருடைய கோழி வறுவலுக்குத் தூரத்துச் சொந்தம். எலும்பில்லாமல், மிளகாய்த்தூளுக்குப் பதில் மிளகு போட்டு, மேலே கறிவேப்பிலை தூவாமல் வீட்டிலேயே பொரியுங்கள்.

தீபாவளி அன்று காலை உங்கள் வீட்டில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். நீங்கள் எல்லாரும் வழக்கம்போலச் சாப்பிடுங்கள், அவருக்காக உங்கள் குழம்பில் ஒரு மிளகாயைக்கூடக் குறைக்காதீர்கள். அவர் தட்டில் ரோஸ்ட்டும் அந்தக் கோழியும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பார், புது வேட்டி கட்டுவார், வெடி போடுவார். பண்டிகைக்கு அது போதும். லேகியத்தை என்ன செய்வது என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். கறுப்பாக, பிசுபிசுவென்று, திப்பிலியும் ஓமமும் கலந்த ஒன்றைக் காலை 5 மணிக்கு நீட்டினால் எனக்கே யோசனையாக இருக்கும். உங்கள் கணவர் சாப்பிடுவதை அவர் வேடிக்கை பார்க்கட்டும்.

ஒரு மருத்துவக் குறிப்பு. உடல் இளைப்பது, சத்துக்குறைவு, நாலு பேர் எதிரில் சாப்பிடவே முடியாமல் போவது என்றெல்லாம் இருந்தால் அதற்குத் தனிப் பெயரும் சிகிச்சையும் உண்டு. 2013லிருந்து மனநல மருத்துவக் கையேட்டிலும் அது இடம்பெற்றிருக்கிறது. அது அவர்கள் இருவரும் அங்கே மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம். மாமியார் வீட்டில் பேச வேண்டியதல்ல.

இன்றைக்கு மகளுக்குப் போன் பண்ணும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள். அவர் ஆப்பிளைத் தோலோடு கடித்துச் சாப்பிடுவாரா, சீவி வெட்டித்தான் சாப்பிடுவாரா? தோலோடு கடிப்பவர் என்றால் மெதுவடையை இரண்டாம் வாரத்திலேயே தைரியமாக வைத்துப் பார்க்கலாம், மிளகும் தேங்காய்ப் பல்லும் போடாமல். சீவித்தான் சாப்பிடுவார் என்றால் ரோஸ்ட்டோடு நிற்போம்.